ஊர்ப் பஞ்சாயத்தில் அத்துவிட்டார்கள். மகளுக்கு ஜீவனாம்சம் கிடைக்குமா?

கேள்வி: வேதாரண்யம் பக்கம் வாழ்க்கைப்பட்டேன். இப்போது 7 வயது மகளோடு கும்பகோணம் அருகே அம்மா வீட்டில் இருக்கிறேன். நடவு, களையெடுப்புக்குப் போகிறேன். கணவர் நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறார். போன வருடம் ஊரில் பேசி அத்துவிட்டு, 'ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்' என்று பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். காசு தராதவர், மகளைப் பார்க்க மட்டும் வருகிறார். தடுக்கலாமா?

பதில்: முதலில் அந்தப் பத்திரம். இந்துத் திருமணத்தில், அத்துவிடுவது உங்கள் சமூகத்தின் நெடுநாள் வழக்கம் என்று நிரூபித்தால் ஒழிய, இப்படி எழுதி வாங்கிய விவாகரத்து செல்லாது. அப்படியே செல்லும் என்றாலும், மகளுக்குச் சேர வேண்டியதை வேண்டாமென்று எழுதித்தர உங்களுக்கே உரிமை கிடையாது. இந்த மாதிரிப் பத்திரங்களை எழுதுகிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. பயமுறுத்த உதவும் என்றுதான் எழுதுகிறார்கள்.

உங்களுக்கும் மகளுக்கும் சேர்த்து, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 144-வது பிரிவில் மனு போடுங்கள் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவுதான்). நீங்கள் இப்போது வசிக்கும் ஊருக்கான நீதிமன்றத்திலேயே போடலாம், வேதாரண்யத்துக்கு அலைய வேண்டாம். இடைக்கால ஜீவனாம்சமும் கேளுங்கள். நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் கூடியவரை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கும், விடாமல் கேட்க வேண்டும்.

'குறுவை, சம்பா அறுப்புக்குத்தான் வேலை, மற்ற நாள் சும்மா' என்பார். உடல் வலுவுள்ளவர் கூலி வேலை செய்தாவது மனைவி, பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சம்பளச் சீட்டு இருக்காது. மெஷின் முதலாளி யார், மணிக்கு என்ன வாடகை, எந்தெந்த ஊருக்குப் போகிறார் என்று விசாரித்து எழுதி வையுங்கள். உத்தரவு வந்தபின் பாக்கி விழுந்தால், ஒரு வருடத்துக்குள் வசூல் மனு போட்டுவிட வேண்டும்.

மகளைப் பார்ப்பதைத் தடுக்காதீர்கள். காசு தராததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தடுத்தால் நாளை வழக்கில் உங்கள் மேல்தான் குறை விழும். தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்று பயம் இருந்தால், உங்கள் வீட்டிலேயே வந்து பார்க்கட்டும்.

வழக்கு முடியும்வரை காத்திருக்காமல், தஞ்சாவூரில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மிஷன் வாத்சல்யா நிதி ஆதரவுக்கு விண்ணப்பியுங்கள். கைவிடப்பட்ட தாயின் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் தருகிற திட்டம். கிராமத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக்கூடாது.

வக்கீல் செலவு? பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. கும்பகோணம் நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள், அல்லது 15100-க்குக் கூப்பிடுங்கள். போகும்போது அந்தப் பத்திரத்தின் நகலும் கையில் இருக்கட்டும்.