வேல் மலைக்கு 300 டாலரா?

கேள்வி: அக்கா, நாங்கள் டாலஸில் இருக்கிறோம். கிறிஸ்துமஸ் லீவுக்கு டென்வரில் தம்பி வீட்டுக்குப் போகிறோம். பிள்ளைகளுக்கு 8, 11 வயது. நாலு பேருமே ஸ்கீ பலகையைத் தொட்டதுகூட இல்லை. கொலராடோவின் வேல் (Vail) ஸ்கீ மலையில், சரிவின் உச்சிக்கு ஏற்றிவிடும் லிஃப்ட் டிக்கெட் ஒரு நாளைக்கு ஆளுக்கு 300 டாலர் என்கிறான் தம்பி. குறைக்க வழி உண்டா?
– ஒரு வாசகி

பதில்: தம்பி சொன்னது நிஜம்தான். லீவு நாளில் கவுண்டரில் போய் நின்றால் பெரியவர்களுக்கு 300-ஐயும் தாண்டும். (பெயரைக் கேட்டதும் என் மாமியார், "அறுபடை வீடு போக ஏழாவதா?" என்றார்.) கவுண்டருக்கு யாரும் வரக் கூடாது என்றே வைத்த விலை அது. பனி விழுமா என்று தெரிவதற்கு முன்பே நம் பணம் அவர்கள் கைக்கு வந்துவிட வேண்டும். வேல் கம்பெனி சீசனுக்கு முன்பே விற்கும் எபிக் பாஸ் 2008-இல் வந்தது, அதன் கணக்கே அதுதான். அதில் ஒரு நாளுக்கு மட்டும் வாங்கும் டே பாஸும் உண்டு, கவுண்டர் விலையைவிட ரொம்பக் குறைவு. ஆனால் டிசம்பர் தொடக்கத்தில் விற்பனையை மூடிவிடுவார்கள். அதிலும் மலிவான வகை கிறிஸ்துமஸை ஒட்டிய நாட்களில் செல்லாது. தேதியைப் பார்த்து வாங்குங்கள்.

சரி, உங்களுக்கு அந்த டிக்கெட்டே எதற்கு? முதல் தடவை நாங்களும் முழு மலைக்கு வாங்கினோம். நாள் பூராவும் நின்றதென்னவோ குழந்தைகள் பழகும் சரிவில். லிஃப்டில் ஏறியது மூன்றே தடவை. மூன்றாவதில் இறங்கும்போது நான் குப்புற விழ, லிஃப்டையே நிறுத்திவிட்டார்கள். அந்தரத்தில் தொங்கியவர்கள் பார்த்த பார்வை இருக்கிறதே! கம்பியில் நாற்காலி தொங்கும் இந்த சேர் லிஃப்டில் உலகத்தின் முதலாவது 1936-இல் ஐடஹோவின் சன் வேலியில் வந்தது. கப்பலில் வாழைத்தார் ஏற்றும் கொக்கியைப் பார்த்து ஜிம் கர்ரன் என்ற இன்ஜினியர் யோசித்ததாம். நான் இறங்கியதும் தார் மாதிரியேதான்.

வேலுக்குப் பதில் லவ்லேண்ட் ஸ்கீ மலைக்குப் போங்கள். டென்வரிலிருந்து ஐம்பது மைல் சொச்சம், ஐசன்ஹோவர் சுரங்கத்துக்குச் சற்று முன்னால். புதியவர்களுக்கென்றே லவ்லேண்ட் வேலி என்று தனி இடம் வைத்திருக்கிறார்கள். பாடம், லிஃப்ட், வாடகைப் பலகை, பூட்ஸ் எல்லாம் சேர்ந்த ஆரம்பப் பேக்கேஜாக ஆன்லைனில் முன்கூட்டியே எடுங்கள். லீவில் சீக்கிரம் தீர்ந்துவிடும். கையுறையையும் பனி பேண்ட்டையும் தம்பியின் நண்பர்களிடம் கடன் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள்.

அப்புறம், பாதி நாள் உபயோகித்த டிக்கெட்டை யாராவது வாட்ஸ்அப்பில் விற்றால் தொடாதீர்கள். ஒருவர் டிக்கெட்டில் இன்னொருவர் போகக் கூடாது, பிடித்தால் பறித்துக்கொள்வார்கள்.

மதியத்துக்குப் புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள். தயிர்சாதம் வேண்டாம், காரிலேயே ஐஸ்கிரீம் ஆகிவிடும்.