வாசகர் கேள்வி – பதில்: ஹெர்கிமர் ‘வைரம்’

கேள்வி: நியூ ஜெர்சியில் மகன் வீட்டில் தங்கியிருக்கிறோம். நியூயார்க் மாநிலத்து ஹெர்கிமருக்குப் பக்கத்தில், கட்டணம் செலுத்திவிட்டுப் பாறையை உடைத்து வைரம் எடுக்கலாம் என்று பேரன் அடம்பிடிக்கிறான். அது உண்மையான வைரமா? கிடைத்ததை நாமே வைத்துக்கொள்ளலாமா? என்னென்ன எடுத்துச் செல்ல வேண்டும்?
– ஒரு வாசகி, எடிசன்

பதில்: வைரம் அல்ல, குவார்ட்ஸ். கொங்கு நாட்டுக் காடுகளில் வெங்கச்சாங்கல் என்று காலில் இடறுகிற கல்லும், கழுத்தில் அணியும் ஸ்படிக மாலையும் இதே இனம்தான். மோஸ் அளவுகோலில் வைரத்தின் கடினம் 10, இதற்கு 7. வைரம் என்ற பெயர் பளபளப்பைப் பார்த்து ஒட்டிக்கொண்டது. வியாபாரத்துக்கும் அது வசதியாகப் போயிற்று. ஆனால் பேரனிடம் சொல்லத் தகுந்த அதிசயம் பெயரில் இல்லை, வடிவத்தில் இருக்கிறது. சாதாரணமாகப் படிகத்தின் ஓர் அடி பாறைச் சுவரில் ஒட்டியே வளர்வதால் ஒரு முனைதான் கூராக அமையும். இங்கோ, ஏறத்தாழ 50 கோடி ஆண்டுப் பழமையுள்ள டோலமைட் பாறையின் பொந்துகளுக்குள், பெரும்பாலும் எதிலும் ஒட்டாமல் வளர்ந்திருப்பதால் இரு முனைகளும் கூராகி, பட்டை தீட்டியதுபோல் 18 முகங்களுடன் வெளிவருகிறது.

தோண்டும் இடங்கள் ஹெர்கிமருக்குச் சற்று வடக்கே மிடில்வில் ஊரில் உள்ளன, குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். கிடைப்பது உங்களுக்கே சொந்தம். ஆணி பிடுங்கும் சுத்தியலைக் கொண்டுபோகாதீர்கள். பாறையில் அடித்தால் அதன் முகப்பே சில்லாகத் தெறிக்கக்கூடும். கல் உடைக்கும் சுத்தியலும் உளியும் தேவை. பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் யாரும், வேடிக்கை பார்க்கும் பாட்டி உட்பட, பக்கத்தில் நிற்கக் கூடாது.

கண்ட கல்லையெல்லாம் உடைப்பது வீண் வேலை. மேற்பரப்பில் சிறு துளைகள் தெரியும் கல்லைப் பொறுக்கி, ஓரத்திலிருந்து அடியுங்கள். பொந்து திறந்ததும் சுத்தியலைக் கீழே வைத்துவிட வேண்டும். நடுவில் விழும் ஒரே அடியில் உள்ளே இருப்பது நொறுங்கிவிடும். தார் போன்ற கரிய தூளும் ஈரக் களிமண்ணும் இருக்கும். அவற்றுக்கிடையே அரிசி மணி அளவிலோ, அதிர்ஷ்டம் இருந்தால் புளியங்கொட்டை அளவிலோ, ஆடும் பல்லைப்போல் தளர்ந்து கிடப்பதை விரலாலோ குச்சியாலோ மெல்ல நெம்பி எடுக்கலாம். உடைக்கத் தெம்பில்லாதவர்கள் மழை பெய்த மறுநாள் போய் மண்ணில் மினுங்குவதைப் பொறுக்கலாம். என்னைக் கேட்டால், உங்களுக்கு அதுவே போதும்.

கேள்வி: அங்கே எடுத்த கற்களில் செம்பழுப்புக் கறை போகவில்லை. வெந்நீரில் கொதிக்கவைக்கலாமா?
– ஒரு வாசகர், ஆல்பனி

பதில்: வேண்டவே வேண்டாம். இந்தப் படிகங்கள் சிலவற்றுக்குள் நீரும் காற்றுக்குமிழியும் அடைபட்டிருக்கும். திடீர்ச் சூட்டில் அவை விரிசல் விடும். முதலில் சோப்பு நீரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். எஞ்சுவது இரும்புக் கறை. ஆக்சாலிக் அமிலக் கரைசலில் போட்டால் நீங்கும். அது நஞ்சு என்பதால் கையுறை அணிந்து, சமையலறைக்கு வெளியே, சமையலுக்குப் பயன்படாத பாத்திரத்தில் செய்ய வேண்டும். படிகத்துக்குள்ளேயே கரும்புள்ளி தெரிந்தால் அதை அழுக்கென்று தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். அது வளரும்போதே சிறைப்பட்ட கரிமப் பொருள்.

கேள்வி: அசல் வைரமே தோண்டி எடுக்கக்கூடிய இடம் அமெரிக்காவில் உண்டா?
– ஒரு வாசகர், டாலஸ்

பதில்: உண்டு, உங்கள் பக்கத்து மாநிலத்திலேயே. ஆர்கன்சாவின் மர்ஃப்ரீஸ்பரோவுக்கு அருகே, 1906இல் வைரம் கண்டெடுக்கப்பட்ட எரிமலை வாய் 1972 முதல் மாநிலப் பூங்காவாக இருக்கிறது. ஏறத்தாழ 37 ஏக்கர் உழுத நிலத்தில் நீங்களே தேடலாம், கிடைத்தால் உங்களுடையது. 1924இல் அங்கே 40.23 காரட் எடையுள்ள கல் ஒன்று அகப்பட்டது. இப்போது கிடைப்பவை பெரும்பாலும் தீக்குச்சித் தலை அளவுதான். அதுவும் இன்றி வெறுங்கையுடன் திரும்புவோரே அதிகம்.