வாசகர் கேள்வி: குற்றநிவாரண பலி இன்று நமக்கு எதற்கு?

கேள்வி: கிறிஸ்து ஒரே தரம் தம்மைப் பலியாக ஒப்புக்கொடுத்துவிட்டார் என்று எபிரெயர் நிருபம் சொல்லும்போது, லேவியராகமத்தின் பலிகளை நாம் வாசிப்பதில் பயன் உண்டா?

பதில்: உண்டு. அந்தப் பலிகளைத் திரும்பச் செலுத்த வேண்டியதில்லை. அவை கற்பித்த நீதி மட்டும் அப்படியே நிற்கிறது. லேவியராகமம் 6ஆம் அதிகாரத்தின் முதல் 7 வசனங்களைப் பாருங்கள். தன்னிடம் ஒப்புவிக்கப்பட்ட பொருளை மறுத்தவனும், காணாமற்போனதைக் கண்டெடுத்து இல்லையென்று பொய்யாணையிட்டவனும், முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி உடையவனிடம் கொடுத்த பின்னரே, தன் குற்றம் நீங்கச் செலுத்தும் குற்றநிவாரண பலியாக ஆட்டுக்கடாவைக் கொண்டுவர வேண்டும். அதாவது 5,000 ரூபாயை மறைத்தவன் 6,000 ரூபாயைக் கையில் எடுத்துக்கொண்டு, தான் ஏமாற்றியவரின் வாசற்படியில் போய் நிற்க வேண்டும். ஆலயத்தில் கண்ணீர்விட்டு ஜெபிப்பதைவிட இது மிகவும் கடினமானது என்பதை நானே அறிந்திருக்கிறேன்.

பலிபீடத்தின் முன் காணிக்கையை வைத்துவிட்டுப் போய், முதலில் சகோதரனோடு ஒப்புரவாகும்படி இயேசு சொன்னதும் (மத்தேயு 5:23, 24) இதே வரிசைதான். கலிலேயாவில் அதைக் கேட்டவர்களுக்கு, பலிபீடம் இருந்த எருசலேம் பல நாள் நடைப்பயணம். அவ்வளவு தூரம் திரும்பிப் போகச் சொல்வது எளிய கட்டளையல்ல. வரி வசூலிக்கும் ஆயக்காரனாகிய சகேயுவோ, அநியாயமாய் வாங்கியதை ஐந்தில் ஒரு பங்கோடு நில்லாமல் நாலத்தனையாய் (நான்கு மடங்காய்) திருப்பித் தர முன்வந்தான்.

ஆகவே, திருவிருந்துக்கு முந்தின வாரத்தில், கொடுக்காமல் இழுத்தடிக்கும் கூலி, திருப்பித் தராத கைமாற்று, ஒருவரைப் பற்றிப் பரப்பிய பொய் ஆகியவற்றைத் தாளில் எழுதி, உரியவரிடம் நேரில் செல்லுங்கள்.