படகு பார்க்க மழையில் போங்கள்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. வீட்டுக்காரர் சரக்குக் கப்பல்களில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். வருடத்தில் பாதி நாளாவது ஒரு பாய்மரப் படகில் கரையோரமாக ஊர் ஊராகப் போய் வாழ வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. இப்போது எனக்கும் அது தொற்றிவிட்டது. திருகோணமலையில் 34 அடி நீளமான பழைய பைபர் படகொன்று விலைக்கு இருக்கிறது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஓட்டிவந்தது. ஓகஸ்ட்டில் போய்ப் பார்த்தோம். கடல் அமைதியாக இருந்தது, படகும் பளபளவென்று இருந்தது. விற்பவர் வேறு ஆட்களும் கேட்கிறார்கள் என்று சொல்லி, விலையில் கால்வாசியை முற்பணமாகக் கேட்கிறார். கொடுக்கலாமா?
— நுவரெலியா

பதில்: இப்போதைக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். ஓகஸ்ட்டில் திருகோணமலையில் எந்தப் படகும் அழகாகத்தான் இருக்கும். நம்மூரில் வீடு வாங்கப் போகிறவர்கள் கூரையைப் பார்க்க அடைமழையில் போவார்களே, அப்படிப் போக வேண்டும். கிழக்குக் கரையில் மழை கொட்டுவது நவம்பர் முதல் ஜனவரி வரை. அந்த நேரத்தில் ஒரு நாள் போய், படகுக்குள் இரண்டு மணித்தியாலம் சும்மா உட்கார்ந்திருங்கள். எந்த ஜன்னல் ஒழுகுகிறது, எந்தக் கட்டில் நனைகிறது என்று படகே சொல்லிவிடும்.

உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மெத்தைகளைத் தூக்கி அடியில் கையை வைத்துப் பாருங்கள். உப்புத் தண்ணீரில் ஒருமுறை நனைந்த மெத்தை லேசில் காயாது. உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், வெயிலில் போட்டாலும் இரவில் மறுபடி பிசுபிசுக்கும். அடித்தளப் பலகையைத் திறந்தால் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். விரலில் தொட்டு நுனி நாக்கில் வையுங்கள். உப்புக் கரித்தால் கடல் எங்கோ உள்ளே வருகிறது. கரிக்காவிட்டால் மழையோ தண்ணீர்த் தாங்கியோ. எண்ணெய் மிதந்தால் நாக்கில் வைக்க வேண்டாம், அது எஞ்சின் சமாசாரம்.

எஞ்சினை உங்கள் வீட்டுக்காரரிடம் விட்டுவிடலாம், அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: நீங்கள் வரும்முன் அதை ஓட்டிச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் முதலில் எஞ்சின்மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த எஞ்சின் லேசில் பிடிக்காது என்பதை மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

பாய்மரத்தை நிறுத்திப் பிடிக்கும் எஃகுக் கம்பிகள் எந்த வருடம் போட்டவை என்று கேளுங்கள். பத்து வருடம் தாண்டினால் மாற்றச் சொல்வதுதான் காப்புறுதிக்காரர்களின் வழமை. பழைய படகில் அதுவே பெரிய செலவு. ஒரு பஞ்சுத் துண்டை எடுத்துக் கம்பியோடு கீழிருந்து மேலாக இழுத்துப் பாருங்கள். எங்காவது பஞ்சு சிக்கி நின்றால் அங்கே ஓர் இழை அறுந்திருக்கிறது. வெறும் கையால் தடவக் கூடாது, கிழித்துவிடும். கம்பிகளைப் பிடித்திருக்கும் இரும்புத் தகடு மேல்தளத்துக்குள் இறங்கும் இடத்தில் பழுப்பு நிறக் கோடு வழிந்திருந்தால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் துரு ஏறிவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம் அடிப்பக்கம். தண்ணீரில் மிதக்கும் படகை முழுதாகப் பார்த்துவிட்டதாக நினைக்காதீர்கள். கரையில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றும் கூலியை நீங்கள் கொடுப்பது வழக்கம்தான். விற்பவரைச் சாராத ஒரு படகுப் பரிசோதகர் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார். நல்ல பைபரில் சத்தம் கணீரென்று வரும், உள்ளே பிரிந்த இடத்தில் பொத்தென்று விழும். அம்மைக் கொப்புளம் போல எழும்பியிருந்து, குத்தினால் காடி வாசனையுடன் நீர் கசிந்தால், பைபருக்குள் தண்ணீர் ஊறிவிட்டது. அதற்காகப் படகு நாளைக்கே மூழ்காது. ஆனால் விலையைக் குறைத்துக் கேட்க உங்களுக்கு நல்ல காரணம் கிடைத்துவிட்டது.

படகுக்காரர்களிடையே ஒரு கணக்கு உண்டு: வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்கு வருடா வருடம் பராமரிப்புக்குப் போகும். பழைய படகென்றால் அதற்கு மேலேயும் போகும். வெப்பக் கடலில் பாசியும் சிப்பியும் சீக்கிரம் பிடிப்பதால் அடிப்பக்க வர்ணத்தை ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அடிக்க வேண்டும். கையில் இருக்கும் காசு முழுவதையும் படகுக்குக் கொடுத்துவிட்டால், அதைக் கட்டிப்போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடியும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். ஊர் ஊராகப் போவது உங்கள் விருப்பம் மட்டுமல்ல, காற்றின் விருப்பமும்தான். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்கும் தெற்கும் கொந்தளிக்கும், கிழக்கு ஓய்ந்திருக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வாடைக்காற்றில் நிலைமை தலைகீழ். ஆகவே இடையில் ஒருமுறை படகை ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கொண்டுபோக வேண்டும். வடக்கே இராமர் அணையின் மணல்திட்டுகள் வழியை அடைத்துவிடுவதால், திருகோணமலையிலிருந்து காலிக்குத் தெற்கே சுற்றித்தான் போகலாம். வழியில் கிரிந்தைக்கு அப்பால் பாறைத்தொடர்கள். அங்கே 1873இலும் 1878இலும் கலங்கரை விளக்கங்கள் கட்டியதற்குக் காரணம் இருக்கிறது. ஒக்டோபர், நவம்பரில் நகரலாம் என்றால் வங்காள விரிகுடாவில் புயல் கிளம்பும் காலமும் அதுதான். 1978 நவம்பரில் மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட சூறாவளியை உங்கள் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இரண்டு பேர் மட்டும் உள்ள படகுக்கு என் யோசனை: முதல் வருடம் கரை மாற வேண்டாம். திருகோணமலைத் துறைமுகம் எல்லாக் காற்றிலும் ஒதுங்கக்கூடிய இயற்கைத் துறைமுகம். அங்கேயே இருந்து, வாடைக்காலத்தில் படகைக் கட்டிவிட்டு நுவரெலியாவுக்கு ஏறி வந்துவிடுங்கள்.

முற்பணத்துக்கு வருவோம். வெளிநாட்டுக்காரர் தன் பயணப் படகாகத் தீர்வை கட்டாமல் உள்ளே கொண்டுவந்ததை இங்கே வாங்குபவர் சுங்கக் கணக்கைத் தீர்க்க வேண்டியிருக்கும். சுங்கத் திணைக்களத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிய பிறகுதான் விலை பேச வேண்டும். கொடுக்கும் ரசீதிலும் "பரிசோதனையில் திருப்தி இல்லாவிட்டால் முற்பணம் முழுதாகத் திருப்பித் தரப்படும்" என்ற வரி இருக்க வேண்டும். அந்த வரியை எழுத மறுத்தால், கேட்கும் வேறு ஆட்களுக்கே கொடுத்துவிடட்டும்.

கேள்வி: அதே கடிதத்தில் இன்னொன்று. படகுக்கென்று காற்றழுத்தம் அளக்கும் பித்தளைப் பாரமானி ஒன்று வாங்கினோம். நுவரெலியா வீட்டில் மாட்டினால் முள் கடைசி எண்ணையும் தாண்டிப் போய் நிற்கிறது. கடைக்காரர் பழுதில்லை என்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பலாம், இந்த முறை கடைக்காரர் பக்கம்தான் நியாயம். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சராசரி 1013 ஹெக்டோபஸ்கல். நீங்கள் இருப்பதோ ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில், அங்கே அது 810 சுற்றி. வீட்டில் மாட்டும் பாரமானிகளின் எண்கள் பெரும்பாலும் 950, 960இல் தொடங்கும். பின்பக்கத் திருகாணியைப் பலமாகத் திருப்பிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், அவ்வளவு உயரத்துக்கு அது இடம்கொடுக்காது, உள்ளே கெட்டுப்போகும். பெட்டியில் வைத்துக் கீழே கொண்டுபோய், திருகோணமலையில் வளிமண்டலவியல் திணைக்களம் சொல்லும் அன்றைய அளவுக்கு முள்ளைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

தட்டில் எழுதியிருக்கும் மழை, நல்ல வானிலை, புயல் என்பதெல்லாம் ஐரோப்பாவுக்கு எழுதியது. நம் கடலில் அழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இறங்கும். காலை, இரவு 10 மணியளவில் உச்சம், பின்னேரமும் விடியற்காலையும் 4 மணியளவில் தாழ்வு. அதனால் நேரம் குறித்து எழுதி வையுங்கள். அதே மணிக்கு வழக்கமாக இருப்பதைவிட 3 ஹெக்டோபஸ்கல் குறைந்தால் காது கொடுக்க வேண்டும். 5 குறைந்தால் நங்கூரம் தூக்கும் பேச்சே வேண்டாம்.

கேள்வி: மருமகனின் படகில் நானும் மனைவியும் இரண்டு மாதம் இருக்கப் போகிறோம். இருவருக்கும் நீச்சல் தெரியாது. தண்ணீர் பட்டால் தானாக ஊதும் லைப் ஜக்கட் இரண்டு வாங்கினோம். ஒன்று அலுமாரிக்குள்ளேயே நடுச்சாமத்தில் படாரென்று ஊதிவிட்டது. மனைவி கள்ளன் என்று பயந்துவிட்டார். கடை திருப்பி எடுக்க மறுக்கிறது.
— பண்டாரவளை

பதில்: இந்த வகை ஜக்கட்டில் தண்ணீரில் கரையும் சின்ன உருளை ஒன்று இருக்கும். அது கரைந்தால் ஊசி விடுபட்டு வாயுக் குப்பியைத் துளைக்கும். பனிமூட்டமும் ஈரமும் நிறைந்த அலுமாரியில், நனைந்த கோட்டுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால் அந்த உருளை கடல் வரும்வரை காத்திருக்காது. அது காலப்போக்கிலும் கெடும், அதனால் அதன்மேல் திகதி இருக்கும். அந்தத் திகதியை இப்போதே பாருங்கள். வாங்கிய நாளிலேயே காலம் கடந்ததாக இருந்தால் தவறு கடையுடையது. பில்லின் பிரதியுடன் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதுங்கள். 1977க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் போக வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். திகதி சரியாக இருந்தால் ஈரத்தில் வைத்தது உங்கள் பக்கத்துப் பிழை.

எப்படியானாலும் ஜக்கட் வீணாகவில்லை. புது உருளையும் புதுக் குப்பியும் போட்டால் சரி. துளைபட்ட குப்பியை மட்டும் திரும்பப் பூட்டாதீர்கள். மற்ற ஜக்கட்டின் குப்பியையும் கழற்றி, கேக் மா நிறுக்கும் தராசில் வைத்துப் பாருங்கள். குப்பியிலேயே பொறித்திருக்கும் மொத்த நிறையை விடக் குறைந்தால் வாயு கசிந்துவிட்டது. நீச்சல் தெரியாதவர்களுக்கு 150 நியூட்டன் மிதப்பு விசையும், கால்களுக்கிடையே போடும் பட்டியும் கட்டாயம். பட்டி இல்லாவிட்டால் ஜக்கட் மேலே மிதக்கும், ஆள் அதற்குள்ளிருந்து நழுவுவார். தண்ணீரின் அழுத்தத்தில் மட்டும் ஊதும் வகையும் உண்டு, விலை கூட. மலையில் வைத்திருந்து கடலுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு அந்த விலை தகும்.

கேள்வி: படகில் இரவுக் காவலுக்கு நுவரெலியா பேல் பஜாரில் கிடைக்கும் தடித்த குளிர் ஜக்கட் போதுமா?
— ஹட்டன்

பதில்: வேண்டாம். பஞ்சு வைத்தது நனைந்தால் காயாது, கிழக்கில் அவ்வளவு குளிரும் இல்லை. அதே பஜாரில் மெல்லிய மழைக் கோட்டு தேடுங்கள். உட்பக்கத் தையல்களின்மேல் நாடா ஒட்டியிருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள், நகத்தால் சுரண்டினால் உரியக்கூடாது. நாடா இல்லாத கோட்டில் தண்ணீர் தையல் வழியே இறங்கிவிடும், அதைவிடக் கொழுந்துக் காட்டில் கட்டும் படங்கு மேல்.