ஒயர் இல்லாத மவுஸ்: முதலில் லேப்டாப்பின் ஓரத்தைப் பாருங்கள்

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 63, தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் வேண்டாம், 'ஈசூன் அக்கா' என்று போட்டால் போதும் என்கிறார். மகன் புது லேப்டாப் வாங்கிக் கொடுத்திருக்கிறார். மசேநிதி (மத்திய சேம நிதி) கணக்கு பார்ப்பது, பேத்தியோடு வீடியோவில் பேசுவது, தமிழில் கவிதை தட்டுவது எல்லாம் அதில்தான். ஆனால் விரலால் தடவி அம்பை நகர்த்தும் டச்பேட் கைக்குப் பழகவே இல்லை. வலது கட்டைவிரலின் அடிப்பக்கம் வலிக்கிறது. மகனுடைய பழைய கேமிங் மவுஸை அடாப்டர் மாட்டிப் போட்டுப் பார்த்தாராம். "கை வைத்தாலே பக்கம் பின்னால் ஓடிவிடுகிறது. பாதி நிரப்பிய படிவம் காணாமல் போகிறது." லேப்டாப்பின் ஓரத்தில் கைப்பேசி சார்ஜர் நுழைகிற மாதிரி சின்னத் துளை இரண்டு மட்டும்தான் இருக்கிறதாம். ஒயர் இல்லாத, எளிதான மவுஸ் எது, 30 வெள்ளிக்குள் கிடைக்குமா என்பது கேள்வி.

கிடைக்கும் அக்கா. அதற்கு முன்னால், அந்தப் படிவம் காணாமல் போனது உங்கள் தப்பு இல்லை. கேமிங் மவுஸின் இடது விலாவில், கட்டைவிரல் படுகிற இடத்தில் இரண்டு பொத்தான்கள் இருக்கும். உலாவியில் அவற்றில் ஒன்றை அழுத்தினால் முந்திய பக்கத்துக்குப் போகும். பெரிய மவுஸைச் சின்னக் கையால் இறுக்கிப் பிடிக்கும்போது கட்டைவிரல் தானாக அதில் அழுந்துகிறது. ஆகவே உங்களுக்கு முதல் விதி: பக்கவாட்டுப் பொத்தானே இல்லாத மவுஸ். இடது, வலது, நடுவில் ஒரு சக்கரம். அது போதும்.

இனி லேப்டாப்பின் ஓரத்துக்கு வருவோம். பலர் மவுஸின் நிறத்தைப் பார்த்து வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகுதான் இதைப் பார்க்கிறார்கள். ஒயர் இல்லாத மவுஸ் இரண்டு வழிகளில் லேப்டாப்போடு பேசும். ஒன்று, கூடவே வரும் ரிசீவர். கடைக்காரர் 'டாங்கிள்' என்பார். விரல் நகம் அளவுதான் இருக்கும். அதைச் செருகினால் அடுத்த சில விநாடிகளில் மவுஸ் ஓடும், வேறு எதுவும் செய்ய வேண்டாம். இன்னொன்று புளூடூத். எதையும் செருக வேண்டாம், ஆனால் முதல் தடவை மட்டும் இரண்டையும் இணைத்துவைக்க வேண்டும்.

எளிது என்று பார்த்தால் ரிசீவர்தான் எளிது. என் அம்மாவுக்கு நான் வாங்கிக் கொடுத்ததும் அதுதான். ஆனால் பெரும்பாலான ரிசீவர்கள் பழைய அகலமான யூஎஸ்பி துளைக்குச் செய்தவை. உங்களிடம் இருக்கும் சின்னத் துளை யூஎஸ்பி-சி. அடாப்டர் மாட்டி, அதற்குள் ரிசீவரைச் செருகினால் லேப்டாப்பின் விலாவில் ஒரு முளை நீட்டிக்கொண்டு நிற்கும். பையில் போடும்போது இடிக்கும், ஒருநாள் அடாப்டரோடு சேர்த்துத் தொலையும். மலிவான மவுஸ்களில் ரிசீவர் தொலைந்தால் மவுஸையும் தூக்கிப் போட வேண்டியதுதான், அதற்கு வேறு ரிசீவர் பொருந்தாது. இணையத்தில் 7 வெள்ளிக்கு வாங்கிய மவுஸில் எனக்கே இது நடந்தது. அதனால் உங்களுக்கு நான் சொல்வது புளூடூத்.

ரிசீவர் வகை வாங்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. தோ பாயோவில் ஒரு பெரியவர், புது மவுஸ் வேலை செய்யவில்லை என்று என்னைக் கூப்பிட்டார். பேட்டரி மாற்றிப் பார்த்துவிட்டாராம், லேப்டாப்பையும் மூன்று தடவை அணைத்துப் போட்டுவிட்டாராம். மவுஸைத் திருப்பி அடிமூடியைத் திறந்தேன். பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு குழியில் ரிசீவர் சமர்த்தாகத் தூங்கிக்கொண்டிருந்தது. பெட்டியில் தேடிவிட்டு 'வரவே இல்லை' என்று நினைத்துவிட்டார். அப்புறம் இன்னொன்று: ரிசீவருக்கு ஒட்டிய துளையில் வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் அம்பு திக்கித் திக்கி ஓடலாம். அது போன்ற யூஎஸ்பி 3.0 கருவிகள் எழுப்பும் மின் இரைச்சல், ரிசீவர் பயன்படுத்தும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது. ரிசீவரை லேப்டாப்பின் மறுபக்கம் மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சரி, கைக்கு வருவோம். மவுஸ் செருப்பு மாதிரி. அடுத்தவர் சொன்னார் என்று வாங்க முடியாது, போட்டுப் பார்க்க வேண்டும். கையை விரித்து, மணிக்கட்டின் மடிப்பிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்து பாருங்கள். 19 சென்டிமீட்டருக்குள் இருந்தால் சிறிய அல்லது நடுத்தர மவுஸ் பொருந்தும். அளவுநாடா கைவசம் இல்லையா? 2 வெள்ளி நோட்டை எடுங்கள். அதன் நீளம் 12.6 சென்டிமீட்டர், அகலம் 6.3. இரண்டையும் கூட்டினால் கிட்டத்தட்ட அதே 19.

கடையில் மவுஸின் மேல் கையைச் சும்மா போட்டுப் பாருங்கள், பிடிக்காதீர்கள். உள்ளங்கை அதன் முதுகில் சாய வேண்டும், ஆள்காட்டி விரல் பொத்தானின் மேல் தானாக விழ வேண்டும், கட்டைவிரல் இறுக்காமல் பக்கத்தில் ஒட்டியிருக்க வேண்டும். விரலை மடக்கி நுனியால் கிள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தால் அது உங்களுக்குச் சிறியது. தட்டையான கூழாங்கல் மாதிரி அழகழகாக விற்கிறார்களே, அவை பையில் வைக்கத்தான் வசதி. கட்டைவிரல் வலிக்கிறவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

கையைக் குலுக்குகிற மாதிரி சாய்த்துப் பிடிக்கும் செங்குத்து மவுஸ்களையும் பார்த்திருப்பீர்கள். லாஜிடெக்கின் லிஃப்ட் அந்த வகை, சாய்வு 57 டிகிரி, இடதுகைக்காரர்களுக்கும் தனியாக உண்டு. மணிக்கட்டு முறுக்கிக்கொள்வது அதில் குறையும், பலருக்குப் பிடிக்கிறது. ஆனால் உங்கள் 30 வெள்ளியை நன்றாகவே தாண்டும், கட்டைவிரல் பக்கத்தில் பொத்தான்களும் இருக்கின்றன. மேலும் உங்கள் வலி மணிக்கட்டில் இல்லை, கட்டைவிரலின் அடியில். அது குறையாமல் நீடித்தால் பலதுறை மருந்தகத்தில் காட்டுங்கள். தாதியாக இருந்தவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதற்குப் பதில் கூடுதல் காசில்லாத ஒரு வழி: இடம், வலம் இரண்டு கைக்கும் ஒத்த, ஒரு பக்கமாக வளையாத மவுஸாகவே வாங்கி, வலிக்கிற நாட்களில் இடது கைக்கு மாற்றிக்கொள்ளலாம். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், புளூடூத் அண்ட் டிவைசஸ், மவுஸ் என்று போனால் முதன்மைப் பொத்தானை வலப்பக்கம் மாற்ற இடம் இருக்கும். இரண்டு மூன்று நாள் எரிச்சலாக இருக்கும், பிறகு பழகிவிடும்.

பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் டிபிஐ எண்ணைக் கண்டு மயங்காதீர்கள். மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் அம்பு எத்தனை புள்ளி நகரும் என்பதுதான் அது. 1000 என்றால், 1920 புள்ளி அகலமுள்ள திரையை இரண்டு அங்குல நகர்த்தலில் கடந்துவிடலாம். உங்கள் வேலைக்கு அது தாராளம். 16000 என்பது விளையாடுகிற பிள்ளைகளுக்கு.

பேட்டரி விஷயத்தில் நான் பழைய ஆள். சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் டபுள்-ஏ பேட்டரி ஒன்று போடுகிற மவுஸையே வாங்குங்கள். ஒரு பேட்டரி ஒரு வருடத்துக்கு மேல் வரும் என்றே நிறுவனங்கள் சொல்கின்றன, தீர்ந்தால் புளோக்கின் கீழே இருக்கும் மாமாக் கடையில் (சின்ன மளிகைக் கடையில்) கிடைக்கும். சார்ஜ் ஏற்றும் வகையில் மறந்துபோவதுதான் தொல்லை. ஆப்பிளின் மேஜிக் மவுஸில் சார்ஜ் துளையே அடிவயிற்றில்தான், ஏற்றி முடிக்கும்வரை மவுஸைக் கவிழ்த்துப் போட்டுக் காத்திருக்க வேண்டும்! தீர்ந்த பேட்டரியைக் குப்பைக் குழாயில் போடாமல், கடைத்தொகுதிகளில் இருக்கும் மின்கழிவுத் தொட்டியில் போடுங்கள்.

பெயர் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், லாஜிடெக் எம்240 சைலன்ட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். புளூடூத் மட்டும், மூன்றே பொத்தான்கள், இரண்டு கைக்கும் பொது, டபுள்-ஏ ஒன்று. உங்கள் 30 வெள்ளிக்குள் அடங்கிவிடும் என்றே நினைக்கிறேன். கிளிக் சத்தம் மெல்லியது, ராத்திரி கவிதை எழுதினால் வீட்டில் யாரும் எழமாட்டார்கள். ஆனால் உருவத்தில் சிறியது. உள்ளங்கை சாயவில்லை என்றால் விட்டுவிடுங்கள், எச்பி, டெல் போன்றவர்களிடமும் இதே மாதிரி மூன்று பொத்தான் புளூடூத் மவுஸ்கள் உண்டு. தேக்கா பக்கம் போகும்போது முஸ்தஃபாவில் பார்க்கலாம், சிம் லிம் ஸ்குவேரில் நாலைந்து கடை ஏறி இறங்கலாம். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வாங்கிய 6 மாதத்துக்குள் பழுது தெரிந்தால், கொடுக்கும்போதே அது இருந்ததாகத்தான் இங்குள்ள 'லெமன் லா' (பழுதான பொருள் வாங்கியவர்களைப் பாதுகாக்கும் சட்டம்) எடுத்துக்கொள்ளும். இல்லை என்றால் கடைக்காரர்தான் நிரூபிக்க வேண்டும். கீழே போட்டு உடைத்தால் அது வேறு கதை.

வீட்டுக்கு வந்ததும் மவுஸைத் திருப்புங்கள். பேட்டரி மூடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாக்கு நீட்டிக்கொண்டிருந்தால் அதை இழுத்துவிடுங்கள், அது இருக்கும்வரை மின்சாரம் போகாது. சுவிட்சைத் தள்ளி, புளூடூத் பொத்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடியுங்கள். சின்ன விளக்கு படபடவென்று சிமிட்டும். லேப்டாப்பில் செட்டிங்ஸ், புளூடூத் அண்ட் டிவைசஸ், ஆட் டிவைஸ். பட்டியலில் மவுஸின் பெயர் வந்ததும் தட்டினால் முடிந்தது. இந்த ஒரு தடவை மட்டும் டச்பேடைப் பொறுத்துக்கொள்ளுங்கள். சும்மா கிடந்த மவுஸை மறுபடி தொடும்போது அம்பு ஒரு நொடி தாமதமாக எழுந்தால் பயப்படாதீர்கள், பேட்டரி மிச்சப்படுத்தத் தூங்கியிருக்கும்.

சாப்பாட்டு மேசை கண்ணாடி என்றால் சாதாரண மவுஸ் அதில் ஓடாது. அடியிலிருக்கும் உணரி பரப்பின் சொரசொரப்பைப் படம் பிடித்துத்தான் நகர்வைக் கணக்கிடுகிறது, வழவழப்பில் அதற்கு ஒன்றும் தெரியாது. மடித்த செய்தித்தாள் ஒன்றை விரித்தாலே போதும்.

கடைசியாக, அம்பு கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் செட்டிங்ஸில் ஆக்ஸசிபிலிட்டிக்குள் மவுஸ் பாயின்டர் என்று இருக்கும், அங்கே அளவை 1-லிருந்து 15 வரை ஏற்றலாம். எனக்கு 4. தட்டும்போது உள்ளங்கை டச்பேடில் பட்டு எழுத்து தாவுகிறதா? டச்பேட் பக்கத்தில், மவுஸ் இணைந்திருக்கும்போதும் டச்பேட் இயங்கட்டும் என்ற பொருளில் ஒரு கட்டம் டிக் ஆகியிருக்கும். அதை எடுத்துவிடுங்கள். மவுஸ் அணைந்தால் டச்பேட் தானே திரும்பிவிடும்.