கட்டாவும் கடல்விராலும்: அகரவரிசை ஏன் பிறழ்கிறது?

வணக்கம். பாம்பன் முதல் தொண்டி வரையிலான மீன் பெயர்களுக்கு அகரவரிசைப் பக்கம் அமைத்ததாகவும், கட்டாவுக்கு முன் கடல்விராலும், வாவலுக்கு முன் வாளையும் வந்து நிற்பதாகவும் எழுதியிருந்தீர்கள். தவறு உங்கள் பட்டியலில் இல்லை. கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடு முறையின் எண்வரிசையை அப்படியே பின்பற்றியதில் இருக்கிறது. அந்த வரிசையில் புள்ளிக்குறி எல்லா எழுத்துகளுக்கும் பின்னால் இருப்பதால் 'ட்' கடைசிக்குப் போய்விடுகிறது. அகராதியிலோ அது 'ட'வுக்கு முன் வரவேண்டும். ழகர ளகரங்களும் யூனிகோடில் வகரத்துக்கு முன் இருக்கின்றன. நம் நெடுங்கணக்கில், அதாவது மரபான எழுத்து வரிசையில், ல, வ, ழ, ள என்பதே முறை. னகரமும் யூனிகோடில் நகரத்தை ஒட்டியே நிற்கும்; நெடுங்கணக்கில் அது கடைசி எழுத்து.

இதற்காக எழுத்து வரிசையைக் கையால் எழுதாதீர்கள். நான் ஒருமுறை எழுதி, ஊகாரத்தை விட்டுவிட்டு, ஊளி மீனைத் தேடி அலைந்தேன். ஜாவாஸ்கிரிப்டில் மொழிக்கேற்ப வரிசைப்படுத்தும் கருவியான இன்டில் கொலேட்டருக்கு (Intl.Collator) 'ta' என்ற தமிழ் மொழிக் குறியீட்டைக் கொடுத்து வரிசைப்படுத்தினால் போதும். பக்கத்தை, உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோட் (Node.js) வழியாக உருவாக்குவதானால் 13 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு வேண்டும். முந்தியவற்றில் இயல்பாக ஆங்கிலத் தரவு மட்டுமே இருந்தது.

தலைப்பெழுத்தைப் பிரிக்கையில் முதல் குறியை மட்டும், உயிர்க்குறி இல்லாமல், எடுத்தால் சாளை, சீலா, சூடை மூன்றும் 'ச' என்ற ஒரே தலைப்பில் அடங்கும். சிறிய பட்டியலுக்கு அதுவே வசதி என்பது என் கருத்து. தனித்தனியாக வேண்டுமானால் ஜாவாஸ்கிரிப்டின் இன்னொரு கருவியான இன்டில் செக்மென்டர் (Intl.Segmenter) முழு உயிர்மெய்யைப் பிரித்துத் தரும். சீலாவுக்கே ஊளி என்றும் பெயர் என்பதால், ஊளி என்று தேடுபவருக்காக அங்கே 'சீலா காண்க' என்று ஓர் இணைப்பும் வையுங்கள்.