லண்டனில் மழை: சுற்றுலாக் கட்டணத்தில் எது திரும்பும், எது திரும்பாது?

கேள்வி: பணி ஓய்வுக்குப் பின் நானும் என் மனைவியும் கோவையிலுள்ள ஒரு பயண நிறுவனத்தின் வழியாக ஐரோப்பியச் சுற்றுலா சென்று வந்தோம். லண்டனுக்கு ஒதுக்கியிருந்த ஒரே நாளில் காலை முதல் மழை. அரண்மனைக் காவலர் மாறும் அணிவகுப்பு நடக்கவில்லை. மேல்தளம் திறந்த பேருந்தில் நகரைச் சுற்றிக் காட்டுவதாகக் கையேட்டில் இருந்தது. ஆனால் நாங்கள் வந்த பேருந்திலேயே ஒரு சுற்றுச் சுற்றி முடித்துவிட்டார்கள். ‘லண்டன் ஐ’ ராட்டினத்துக்கு மழையில் போக முடியாது என்று சொல்லி, அந்த நேரத்துக்கு எங்களை ஒரு வணிக வளாகத்தில் இறக்கிவிட்டார்கள். ஊர் திரும்பிக் கேட்டால், வானிலையால் நிகழ்ச்சி மாறினால் பணம் திருப்பித் தரப்படாது என்ற விதியைக் காட்டுகிறார்கள். எங்களுக்கு ஏதேனும் உரிமை உண்டா? (அருவங்காடு வாசகர்)

பதில்: மூன்று நிகழ்ச்சிகள் உங்கள் கையை விட்டுப் போயிருக்கின்றன, மூன்றுக்கும் ஒரே விடை கிடையாது. மழை பெய்ததா என்பதைவிட, மழையைக் காரணம் காட்டி நிகழ்ச்சியைக் கைவிட்டவர் யார் என்பதே இங்கே முதலில் கேட்கவேண்டியது. மண்சரிவால் மேட்டுப்பாளையம்–உதகை மலை ரயிலை ரயில்வே ரத்து செய்தால் முழுக் கட்டணமும் நமக்குத் திரும்பிவிடுகிறது. மழையில் கிளம்ப மனமில்லாமல் நாமே பயணச்சீட்டை ரத்து செய்தால் அதற்கான கட்டணத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். அதே கணக்கை உங்கள் லண்டன் நாளுக்கும் போட்டுப் பார்க்கலாம்.

காவலர் அணிவகுப்பை மறந்துவிடுங்கள். அது ராணுவம் நடத்துவது. பார்க்கக் கட்டணம் இல்லை. கனமழையில் அதை ரத்து செய்வதும் வழக்கம். பயண நிறுவனம் விரும்பியிருந்தாலும் அதை நடத்திக் காட்டியிருக்க முடியாது.

பேருந்து விஷயத்தில் கையேட்டின் வாசகம்தான் தீர்மானிக்கும். நகர்வலம் என்று மட்டும் அச்சிட்டிருந்தால் வாதம் வலுவற்றது. மேல்தளம் திறந்த பேருந்து என்று குறிப்பிட்டே எழுதியிருப்பதால், சொன்ன சேவைக்குப் பதிலாகச் செலவு குறைந்த வேறொன்றைத் தந்திருக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அத்தகைய பேருந்துகளில் கூரையுள்ள கீழ்த்தளமும் உண்டு என்பதால், மழை அந்தச் சவாரியை முழுவதுமாகத் தடுத்துவிட்டது என்று சொல்ல முடியாது.

உங்கள் வழக்கின் உயிர் ‘லண்டன் ஐ’யில் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட, 135 மீட்டர் உயரமுள்ள அந்த ராட்டினத்தில், நான்கு புறமும் கண்ணாடியால் மூடப்பட்ட 32 கூண்டுகள் உள்ளன. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். உள்ளே இருப்பவர் மீது ஒரு துளி மழை விழாது. பலத்த காற்று போன்ற காரணங்களுக்காக அதை நிறுத்துவது உண்டே தவிர, வெறும் மழைக்காக மூடிவிடுவதில்லை. மேகம் தாழ்ந்திருந்தால் காட்சி மங்கலாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் மங்கலான காட்சி போதுமா, வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் பணம் கட்டிய நீங்கள்தான், உங்களை அழைத்துச் சென்ற மேலாளர் அல்ல. ஆகவே அந்த நாளில் ராட்டினம் ஓடியதா என்று அதை நடத்துவோருக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். ஓடியது என்று பதில் வந்தால், அது உங்களுக்கு மிக வலுவான சான்று. ஓடவில்லை என்று வந்தால், வாங்கிய நுழைவுச்சீட்டுக்கான பணம் பயண நிறுவனத்துக்குத் திரும்பி வந்ததா, வந்ததென்றால் அது உங்களிடம் ஏன் வரவில்லை என்று கேளுங்கள். சீட்டே வாங்கப்படவில்லை என்று தெரியவந்தால் விஷயம் இன்னும் தீவிரமானது.

வானிலையை எதிர்பாராத இயற்கைச் சீற்றம் என்று அவர்கள் வாதிடக்கூடும். லண்டனில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 600 மில்லிமீட்டர். 2019 ஆகஸ்டில் நம் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் பெய்ததோ 900 மில்லிமீட்டருக்கு மேல். லண்டனில் மழை நாட்கள் அதிகம், மழையின் அளவு குறைவு. தூறலும் மேகமூட்டமுமே அந்நகரின் அன்றாடம். அந்த ஊரை விற்றுப் பிழைக்கும் நிறுவனம் அங்கே மழை பெய்ததைக் கண்டு வியப்படைவதாகச் சொல்வதை ஏற்பதற்கில்லை. மழை நாளுக்கான மாற்று ஏற்பாட்டை வைத்திருப்பதும் அதன் பொறுப்பே. வணிக வளாகத்தில் இறக்கிவிடுவதை அத்தகைய ஏற்பாடாகக் கருத முடியாது.

முதலில் கையேடு, கட்டண ரசீது, பயணத் திட்டம், அன்றைய புகைப்படங்கள் ஆகியவற்றை இணைத்து நிறுவனத்துக்கு எழுத்துமூலம் முறையிட்டு, 15 நாள் அவகாசம் கொடுங்கள். தொலைபேசியில் பேசியதற்கு மதிப்பில்லை. பதில் சரியாக இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யலாம். வழக்குக்குப் போகாமலே பல புகார்கள் அங்கு முடிந்துவிடுகின்றன. அதிலும் தீரவில்லையென்றால் உதகையிலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுங்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் தாம் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பதால், வழக்கு என்றால் வேறு நகரத்து நீதிமன்றத்துக்குத்தான் வரவேண்டும் என்று ரசீதின் பின்புறம் அச்சிட்டிருந்தாலும் அதைக் கண்டு பின்வாங்க வேண்டியதில்லை. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் வழக்குக் கட்டணம் கிடையாது. 5 முதல் 10 லட்சம் வரை என்றால் 200 ரூபாய். சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும்.

கேட்கும் தொகையில் நிதானம் தேவை. மொத்தச் சுற்றுலாக் கட்டணத்தையும் திருப்பிக் கேட்பவர்கள் பெரும்பாலும் தங்கள் வாதத்தைத் தாங்களே பலவீனப்படுத்திக்கொள்கிறார்கள். இரண்டு நுழைவுச்சீட்டுகளின் விலை, பேருந்துக் கட்டண வித்தியாசம், மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, வழக்குச் செலவு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகள் லண்டனில் படிக்கிறாள், அக்டோபரில் அவளைப் பார்க்கச் செல்கிறோம். பார்க்க வேண்டிய இடங்களுக்கெல்லாம் இங்கிருந்தே இணையத்தில் நுழைவுச்சீட்டு வாங்கிவிடலாமா? மழை வந்தால் பணம் வீணாகிவிடுமா? (கோத்தகிரி வாசகி)

பதில்: எல்லாவற்றுக்கும் வாங்காதீர்கள். இணையத்தில் வாங்கிய பொருளை 14 நாட்களுக்குள் திருப்பித் தரும் உரிமை பிரிட்டனில் உண்டென்றாலும், குறிப்பிட்ட தேதிக்கு வாங்கிய கேளிக்கை, சுற்றுலாச் சீட்டுகளுக்கு அது பொருந்தாது. மழை என்பதற்காக நீங்களே போகாமல் இருந்துவிட்டால் பணம் போனது போனதுதான். பயணக் காப்பீடும் அதற்குக் கைகொடுக்காது. தேதி மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள சீட்டு சற்று விலை கூடியதாக இருந்தாலும், திறந்தவெளி இடங்களுக்கு அதையே வாங்குவது நல்லது. பல இடங்களுக்கு ஒரே அட்டை என்று விற்கப்படுபவை, ஒரே நாளில் நான்கைந்து இடங்களுக்கு ஓடுபவர்களுக்கே கட்டுப்படியாகும். மழை நாளில் யாரும் அப்படி ஓடுவதில்லை.

மழை நாளுக்கென்றே அந்நகரில் செலவில்லாத இடங்கள் நிறைய இருக்கின்றன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் நிரந்தரக் காட்சிக்கூடங்களைப் பார்க்கக் கட்டணமில்லை. அமராவதிச் சிற்பங்களும் நம் நாட்டு நடராசர் செப்புத் திருமேனியும் அங்கே உள்ளன. திப்புவின் புலிப் பொம்மையை விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அங்கும் நுழைவு இலவசம். இலவசமாக இருந்தாலும் நேரத்தை முன்பதிவு செய்துகொண்டால் மழையில் வரிசையில் நிற்பது குறையும். கட்டணம் செலுத்திப் போவதென்றால் கியூ தாவரவியல் பூங்காவைச் சொல்வேன். உதகைத் தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மெக்ஐவர் அங்கிருந்து வந்தவர். இங்கே அவர் பணி தொடங்கிய அதே 1848-இல்தான் அங்கே பனைமரக் கண்ணாடி மாளிகை கட்டி முடிக்கப்பட்டது. கண்ணாடி மாளிகைகளுக்குள் நனையாமல் வெகுநேரம் செலவிடலாம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடக்கும்போது மட்டும் குடை வேண்டும்.

நகரைச் சுற்றிப் பார்க்கச் சுற்றுலாப் பேருந்துதான் வேண்டும் என்பதில்லை. மாநகரச் சிவப்புப் பேருந்தின் கூரையுள்ள மேல்தளத்தில் முன் இருக்கை கிடைத்தால் அதுவே போதும். 2025-இல் ஒரு பயணத்துக்கு 1.75 பவுண்டு, முதல் பேருந்தில் ஏறியதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேறு பேருந்துகளில் ஏறினாலும் அதே கட்டணம்தான். டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து தூய பவுல் பேராலயம் வழியாக லண்டன் கோபுரத்தின் பக்கம் செல்லும் 15-ஆம் எண் பேருந்து இதற்கு ஏற்றது. பணமாக வாங்கமாட்டார்கள், தொட்டுச் செலுத்தும் வங்கி அட்டை வேண்டும், அதுவும் ஆளுக்கு ஒன்று.

கேள்வி: மழையில் வெளியே சுற்ற முடியாமல் கடைகளில் நிறைய வாங்கிவிட்டால், விமான நிலையத்தில் வரியைத் திரும்பப் பெறலாம் என்கிறார்களே? (குன்னூர் வாசகர்)

பதில்: லண்டனில் முடியாது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் பகுதிகளில் வெளிநாட்டுப் பயணிகளுக்கான அந்தத் திட்டம் 2020 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. பொருளை எடுத்துச் செல்லாமல், கடையிலிருந்து நேரடியாக வெளிநாட்டு முகவரிக்கு அனுப்பச் சொன்னால் மட்டும் வரியின்றி விற்க முடியும். பெரும்பாலான பொருள்களின் விலையில் 20 சதவீத வரி அடங்கியிருப்பதால், பழைய நினைப்பில் வாங்கினால் கணக்கு தவறும். அட்டையைத் தேய்க்கும்போது ரூபாயில் செலுத்துகிறீர்களா, பவுண்டிலா என்று கருவி கேட்டால் பவுண்டையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தைக் கடைத் தரப்பே தீர்மானிக்கும், அது பெரும்பாலும் நமக்கு நட்டமாகவே முடியும். உங்கள் வங்கியும் அந்நியச் செலாவணிக்கென 3.5 சதவீதம் வரை கூடுதலாகப் பிடிக்கக்கூடும் என்பதால், எந்த அட்டைக்கு எவ்வளவு என்பதைப் புறப்படும் முன்பே வங்கியில் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.